வாயக் கட்டுன்னு சொல்றதுக்கு முன்னாடி

போன மாசம் சொந்தத்துல ஒரு வளைகாப்பு. பந்தியில எங்க சித்தி எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. வடை கொண்டு வந்த பையன் எல்லார் இலையிலயும் வைக்கிற மாதிரி அவங்க இலையிலயும் ரெண்டாவது வடைய வச்சுட்டுப் போனான், உடனே எதிர் வரிசையில இருந்த ஒரு பெரியம்மா நாலு பேருக்குக் கேக்குற மாதிரி "அவளுக்கு எதுக்குப்பா இன்னொண்ணு, கொஞ்சம் வாயக் கட்டச் சொல்லு"ன்னாங்க. சிரிச்சாங்க எல்லாரும். சித்தி ஒண்ணும் பேசல. பாதி சாம்பார் சாதத்தோட இலைய மடிச்சுட்டு கை கழுவ எந்திரிச்சுட்டாங்க.

அவங்க வாயக் கட்டாதவங்க இல்ல. எனக்குத் தெரிஞ்சு ஒரு தடவ 11 கிலோ, இன்னொரு தடவ 9 கிலோ எறக்கியிருக்காங்க. ராத்திரிக்கு கொள்ளு ரசம் மட்டும், விடியக்காலம் அஞ்சு மணிக்கு நடை, தீபாவளிக்கு தான் சுட்ட அதிரசத்துல ஒரு விள்ளல் கூட வாயில போடாம இருந்தாங்க. ரெண்டு தடவையும் வருஷம் திரும்புறதுக்குள்ள எறங்குனது எல்லாம் ஏறிடுச்சு. "எனக்கு வைராக்கியம் பத்தல கண்ணு"ன்னு அவங்களே சொல்லிக்கிறாங்க, அதுதான் எனக்குத் தாங்கல. நான் பி.ஃபார்ம் முடிச்சு 14 வருஷமா ஒரு மெடிக்கல்ல நிக்கிறவன். இப்ப வாரத்துக்கு ஏழெட்டு பேராவது "அந்த எடை குறையுற ஊசி இருக்கா"ன்னு கேட்டு வர்றாங்க, கேக்கும்போதே குரல தாழ்த்திக்கிறாங்க, ஏதோ தப்பான பொருள் வாங்க வந்த மாதிரி. அந்த வெக்கம் தேவையே இல்ல, ஆனா அந்த ஊசிய சாதாரணமா வாங்கிப் போடவும் கூடாது, இந்த ரெண்டையும் சேத்துப் புரிஞ்சுக்கணும்னா 70 வருஷக் கதைய சொல்லித்தான் ஆகணும். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல பார் ஹார்பர்னு ஒரு கடலோர ஊர், அங்க ஜாக்சன் லேபரட்டரின்னு ஒரு ஆராய்ச்சிக்கூடம், சுண்டெலி வளக்குறதுக்குன்னே பேர் போன எடம். 1949ல அங்க ஒரு எலி வம்சத்துல சில குட்டிங்க மட்டும் உருண்டையா வளர ஆரம்பிச்சது. கூடப் பொறந்த எலிய விட மூணு மடங்கு எடை. நிறுத்தாம தின்னும், அசையவே அசையாது, உடம்பு சூடு கூட மத்த எலிய விடக் கம்மி. ஒரே ஒரு ஜீன்ல கோளாறுன்னு கண்டுபிடிச்சு அதுக்கு ஓபி எலின்னு பேர் வச்சாங்க. இதுல முக்கியமான ஒண்ணு இருக்கு. இந்த எலிக்கு தீனிய அளந்து, மத்த எலி திங்கிற அளவு மட்டும் குடுத்துப் பாத்தாங்க, அப்பவும் அது மத்ததை விடக் கொழுப்பு சேத்துச்சு. வாயக் கட்டியும் உடம்பு கட்டுப்படல.

1960கள்ல அதே கூடத்துல டிபி எலின்னு இன்னொரு வகை வந்துச்சு. பாக்க ஓபி மாதிரியே குண்டு, கூடவே கடுமையான சர்க்கரை வியாதி. டக்ளஸ் கோல்மன்னு ஒரு கனடாக்காரர் அங்க வேலை பாத்தார். அவர் செஞ்ச சோதனைய முதல் தடவ படிச்சப்ப நான் புத்தகத்த மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன், அவ்வளவு எளிமை. ரெண்டு எலிய எடுத்துக்கணும், ரெண்டோட விலாப்பக்கத் தோலையும் தோள்ல இருந்து இடுப்பு வரைக்கும் கீறி, ஒண்ணோட ஒண்ண சேத்து தச்சுடணும். சில நாள்ல தையல் போட்ட எடத்துல சின்னச் சின்ன ரத்தக்குழாய் வளந்து ஒண்ணோட ரத்தம் இன்னொண்ணுக்கு மெல்லமா போய் வர ஆரம்பிக்கும். ஒட்டிப் பொறந்த ரெட்டை மாதிரி. ஒரு எலியோட ரத்தத்துல ஏதாவது சேதி இருந்தா அது அடுத்த எலிக்கும் போய்ச் சேரும்.

டிபி எலியையும் சாதாரண எலியையும் தச்சார். டிபி எலி எப்பவும் போல தின்னுட்டு குண்டாவே இருந்துச்சு, பக்கத்துல இருந்த நல்ல எலி தீனி முன்னாடியே இருந்தும் திங்காம பட்டினி கெடந்து செத்துப்போச்சு. அடுத்து டிபியையும் ஓபியையும் தச்சார், இப்ப ஓபி எலி, ஜென்மத்துல திங்கிறத நிறுத்தாத எலி, அது திங்கிறத நிறுத்தி செத்துச்சு. கடைசியா ஓபியையும் சாதாரண எலியையும் தச்சப்ப ஓபி கொஞ்சம் கம்மியா தின்னுச்சு, எடை ஏறுறதும் கொறஞ்சுச்சு. கோல்மன் என்ன புரிஞ்சுக்கிட்டார்னா, ரத்தத்துல "போதும்"னு சொல்ற ஏதோ ஒரு பொருள் ஓடுது. ஓபி எலிக்கு அத தயாரிக்கத் தெரியல, குடுத்தா கேட்டுக்கும். டிபி எலி அத எக்கச்சக்கமா தயாரிக்குது, ஆனா அதுக்குக் காது கேக்கல, அதனால அதோட ரத்தத்துல அந்தப் பொருள் நெறஞ்சு வழியுது, பக்கத்துல யார ஒட்டுனாலும் அவங்க பசிய அணைச்சுடுது.

அப்ப இத ஏத்துக்கிட்டவங்க கம்மி. எடைங்கிறது நடத்தை சம்பந்தப்பட்ட விஷயம்னு ஆழமா நம்புன காலம் அது, இப்பவும் பந்தியில அதே நம்பிக்கைதான் உக்காந்திருக்கு. அந்தப் பொருள் என்னன்னு புடிக்க இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. நியூயார்க்ல ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்துல ஜெஃப்ரி ஃபிரீட்மனோட குழு எட்டு வருஷம் போல ஜீனைத் தேடி 1994ல கண்டுபிடிச்சாங்க. அந்த ஜீன் செய்யுற ஹார்மோனுக்கு லெப்டின்னு பேர், கிரேக்கத்துல லெப்டோஸ்னா ஒல்லி. இத தயாரிக்கிறது மூளையோ வயிறோ இல்ல, கொழுப்புத் திசுவே தயாரிக்குது. அதுவரைக்கும் கொழுப்புன்னா சும்மா அடுக்கி வச்ச மூட்டைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாங்க, பாத்தா அந்த மூட்டை மூளைகிட்ட ஓயாம கணக்கு ஒப்பிச்சுக்கிட்டு இருந்திருக்கு, "இவ்வளவு இருப்பு இருக்கு, இவ்வளவு இருக்கு"ன்னு. லெப்டின ஓபி எலிக்கு ஊசியா போட்டா ரெண்டே வாரத்துல 30 சதவீதம் போல எடை கொறஞ்சுச்சு.

எலிதானே, மனுஷனுக்கு என்னன்னு கேக்கலாம். 1997ல இங்கிலாந்துல கேம்ப்ரிட்ஜ்ல சதஃப் ஃபரூக்கி, ஸ்டீபன் ஓ'ராஹிலி இவங்க குழு ரெண்டு குழந்தைங்கள பத்தி எழுதுனாங்க. பாகிஸ்தான்ல இருந்து வந்த குடும்பம், சொந்தத்துக்குள்ள கல்யாணம் செஞ்சவங்க. ஒரு பொண்ணுக்கு 8 வயசு, எடை 86 கிலோ. அவளோட ஒண்ணுவிட்ட தம்பிக்கு 2 வயசு, 29 கிலோ. பொறக்கும்போது ரெண்டும் சாதாரண எடைதான், அப்புறம் பசி அடங்கவே இல்ல. அந்தப் பொண்ணுக்கு கால் வளைஞ்சு ஆபரேஷன் பண்ணியிருந்தாங்க, கால்ல இருந்து கொழுப்ப உறிஞ்சி எடுத்தும் பாத்திருந்தாங்க. ரத்தத்துல லெப்டின் பாத்தா கிட்டத்தட்ட இல்லவே இல்ல. லெப்டின் ஜீன்ல ஒரே ஒரு எழுத்து விட்டுப்போயிருந்துச்சு.

அந்தப் பொண்ணுக்கு தினமும் லெப்டின் ஊசி ஆரம்பிச்சு ஒரு வருஷத்துல 16 கிலோவுக்கு மேல கொறஞ்சுது, கொறஞ்சதுல பெரும்பகுதி கொழுப்பு. இதே மாதிரி ஊசி போட்டுக்கிட்ட இன்னொரு பையன் 3 வயசுல 42 கிலோ இருந்தான், நாலு வருஷம் கழிச்சு, ஒசரமா வளந்த அப்புறம் 32 கிலோ. இந்த மாதிரிக் குழந்தைங்களோட அம்மா அப்பா என்னென்ன பேச்சு வாங்கியிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. புள்ளைய தீனி போட்டே கெடுத்துட்டான்னு எத்தன பேர் சொல்லியிருப்பாங்க. உண்மையில அந்தக் குழந்தைங்களுக்கு இல்லாமப் போனது ஒரு புரதம், அவ்வளவுதான்.

இதக் கேட்டதும் உலகமே லெப்டின் பின்னாடி ஓடுச்சு. அம்ஜென்ங்கிற கம்பெனி உரிமைய வாங்க முன்பணமா மட்டும் 2 கோடி டாலர் குடுத்துச்சு. ஆனா சாதாரணமா எடை கூடினவங்களுக்கு போட்டுப் பாத்தா பலன் ரொம்பக் கொஞ்சம். ஏன்னா அவங்க ரத்தத்துல லெப்டின் ஏற்கனவே நெறைய இருக்கு, கொழுப்பு எவ்வளவோ அவ்வளவு லெப்டின், மூளைதான் அதுக்கு மேல கேட்டுக்க மாட்டேங்குது. இங்க ஒரு விஷயத்த பல பேர் கவனிக்கிறது இல்ல. லெப்டின் மேல ஏறும்போது மூளை பெருசா கண்டுக்காது, கீழ எறங்கும்போதுதான் பதறும். பஞ்சம் வந்துடுச்சுன்னு அடிக்கிற மணி அது. இதுக்கு நான் பாத்ததுலயே பலமான சாட்சி லிப்போடிஸ்ட்ரஃபின்னு ஒரு அபூர்வ நோய், உடம்புல கொழுப்புத் திசுவே இருக்காது, தோலுக்கு அடியில தசையும் நரம்பும் அப்படியே தெரியும், அவ்வளவு ஒல்லி. அவங்களுக்கும் அந்த 86 கிலோ பொண்ணு மாதிரியே அடங்காத பசி. கொழுப்பு இல்லாததால லெப்டின் இல்ல, லெப்டின் இல்லாததால மூளை பட்டினின்னு நெனைக்குது. 2014ல அமெரிக்காவுல லெப்டின் மருந்துக்கு அனுமதி குடுத்ததே இவங்களுக்காகத்தான். ஒரு பக்கம் ஒல்லி, ஒரு பக்கம் குண்டு, ரெண்டு பேருக்கும் ஒரே பசி, ஒரே மருந்து.

இப்ப சித்திகிட்ட வர்றேன். 11 கிலோ எறக்குனப்ப அவங்க உடம்புல என்ன நடந்துச்சு? கொழுப்பு கொறஞ்சுது, லெப்டின் சரிஞ்சுது, மூளையில மணி அடிச்சுது. மூளை ரெண்டு வேலை செய்யும். ஒண்ணு, செலவக் கொறைக்கும். 1995ல ராக்கஃபெல்லர்ல ரூடால்ஃப் லைபலும் கூட இருந்தவங்களும் அளந்து பாத்தாங்க, எடையில 10 சதவீதம் கொறைச்சவங்க உடம்பு, உடம்பு சிறுசானதுக்குக் கொறைய வேண்டியத விட அதிகமாவே கலோரிச் செலவ கொறச்சுக்கிட்டுச்சு. ரெண்டாவது வேலை, பசிய ஏத்துறது. 2011ல ஆஸ்திரேலியாவுல பிரியா சுமித்ரன்ங்கிற மருத்துவரோட குழு 50 பேருக்கு பத்து வாரம் ரொம்பக் கம்மி கலோரி சாப்பாடு குடுத்து எடை எறக்குனாங்க, ஒரு வருஷம் கழிச்சு ரத்தம் எடுத்துப் பாத்தா பசியத் தூண்டுற ஹார்மோன் இன்னமும் ஒசந்தே இருக்கு, லெப்டின் இன்னமும் தாழ்ந்தே இருக்கு, பசிக்குதுன்னு அவங்க வாயால சொன்னதும் ஆரம்பத்த விட அதிகம். ஒரு வருஷம் ஆகியும் மணி நிக்கல. அமெரிக்காவுல டிவி போட்டி ஒண்ணுல பயங்கரமா எடை எறக்குன 14 பேர ஆறு வருஷம் கழிச்சு கெவின் ஹால் குழு சோதிச்சாங்க, 2016ல வந்த ஆய்வு, இழந்த எடையில பெரும்பகுதி திரும்பியிருந்துச்சு, ஆனா அவங்க உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கிற கலோரி இருக்க வேண்டியத விட நாளைக்கு 500 போல கம்மியாவே இருந்துச்சு.

500 கலோரின்னா நம்ம ஊர் கணக்குல ஒரு நல்ல மசால் தோசையும் காபியும். அதாவது அதே எடையில இருக்குற இன்னொருத்தர் அந்த தோசைய சாப்பிட்டு எடை ஏறாம இருப்பார், இவங்க சாப்பிட்டா ஏறும், கூடவே இவங்களுக்குத்தான் பசியும் அதிகம். இப்ப சொல்லுங்க, இது வைராக்கியத்துக்கு நடக்குற பரீட்சையா? மூச்ச அடக்கிக்கிட்டு எவ்வளவு நேரம் இருப்பீங்க? ஒரு நிமிஷம் முடியும், அப்புறம் உடம்பு ஜெயிச்சுடும். சித்தி ஒவ்வொரு தடவையும் எட்டு மாசம் போல தாக்குப்புடிச்சாங்க, எனக்கு அது பெரிய வைராக்கியமாத்தான் தெரியுது.

மருந்துங்க பக்கம் வரலாம். எடையக் கொறைக்க மருந்துக்கு ரெண்டு வழி, செலவ ஏத்துறது இல்லன்னா வரவக் கொறைக்கிறது. செலவ ஏத்துன மருந்து ஒண்ணு உண்மையாவே வேலை செஞ்சுது, அதனாலதான் அது அவ்வளவு ஆபத்து. டைநைட்ரோஃபீனால், சுருக்கமா டிஎன்பி. முதல் உலகப்போர் சமயத்துல ஃபிரான்ஸ்ல வெடிமருந்துத் தொழிற்சாலையில இந்த மஞ்சப் பொடிய கையாண்ட தொழிலாளிங்க வேர்த்துக் கொட்டி, காய்ச்சல் அடிச்சு, இளைச்சுப் போனாங்க, சில பேர் செத்தாங்க. 1933ல கலிஃபோர்னியாவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல கட்டிங், டெய்ன்டர்னு ரெண்டு பேர் இத எடை கொறைக்கக் குடுக்கலாம்னு எழுதுனாங்க. கொஞ்ச காலத்துல அமெரிக்காவுல ஒரு லட்சம் பேர் போல சாப்பிட்டாங்க.

அது எப்படி வேலை செய்யுதுன்னு மேட்டூர் அணைய வச்சு சொல்றேன். நம்ம செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு ஒண்ணு இருக்கு, அதுதான் செல்லோட மின்நிலையம். சாப்பாட்ட எரிச்சு ஒரு சுவருக்குப் பின்னாடி புரோட்டான்களத் தேக்கி வைக்கும், அணையில தண்ணி தேக்குற மாதிரி. அந்தத் தண்ணி டர்பைன் வழியா எறங்கும்போது செல்லுக்கு வேண்டிய சக்தி உண்டாகும். டிஎன்பி என்ன பண்ணும்னா, அணைச் சுவர்ல அங்கங்க ஓட்டை போட்டுடும். தண்ணி டர்பைனுக்குப் போகாம ஓட்டை வழியா ஒழுகும், கரண்ட் வராது, எல்லாம் சூடாப் போயிடும். உடம்பு தேக்கத் தேக்க ஒழுகுறதால கொழுப்ப அள்ளி அள்ளி எரிக்கும். எடை கொறையும்தான், ஆனா சூட்டுக்கு எல்லை கெடையாது, அளவு கொஞ்சம் மிஞ்சுனா உடம்பு உள்ளுக்குள்ளயே வெந்துடும், முறிவு மருந்துன்னு ஒண்ணு இல்ல. எளவயசுப் பொண்ணுங்களுக்கு கண்ல புரை விழுந்துச்சு. 1938ல அமெரிக்காவுல புது மருந்துச் சட்டம் வந்த கையோட மனுஷன் சாப்பிட லாயக்கில்லன்னு ஓரங்கட்டுனாங்க. ஆனா இன்னைக்கும் ஆன்லைன்ல கொழுப்பு எரிக்கிற மாத்திரைன்னு வித்து, பல நாட்டுல சின்ன வயசுப் பசங்க செத்திருக்காங்க. ஜிம்ல யாராவது இந்தப் பேர சொன்னா தயவுசெஞ்சு ஓடி வந்துடுங்க.

வரவக் கொறைக்கிற மருந்துங்களோட கதை வேற மாதிரி சோகம். ஃபென்ஃபுளூரமின், ஃபென்டர்மின் ரெண்டையும் சேத்து ஃபென்-ஃபென்னு அமெரிக்காவுல குடுத்தாங்க. 1992ல மைக்கேல் வைன்ட்ராப் 121 பேர்கிட்ட செஞ்ச ஆய்வு வந்ததும் காட்டுத்தீ மாதிரி பரவுச்சு, ரெண்டையும் சேத்துக் குடுக்க அனுமதியே இல்லாம 1996ல மட்டும் 1.8 கோடி மருந்துச் சீட்டு எழுதுனாங்க. 1997 ஜூலையில மேயோ கிளினிக் மருத்துவருங்க 24 பெண்களோட இதய வால்வு கெட்டுப்போனத வெளியிட்டாங்க. ஆபரேஷன் பண்ணிப் பாத்தப்ப வால்வு மேல பளபளன்னு வெள்ளையா பூச்சு பூசுன மாதிரி தடிச்சிருந்துச்சு. ரெண்டே மாசத்துல ஃபென்ஃபுளூரமின வாபஸ் வாங்கிட்டாங்க. என்ன காரணம்? செரட்டோனின்னு உடம்புல சேதி கொண்டு போற ஒரு பொருள், அது வந்து திறக்குற பூட்டுல மூளையில பசிய அடக்குன பூட்டும் இதய வால்வுல இருந்த பூட்டும் ஒரே குடும்பம், ஒரே சாவி ரெண்டுலயும் போய் உக்காந்துடுச்சு. அப்புறம் ரிமோனபன்ட், ஐரோப்பாவுல 2006ல வந்துச்சு, பசியோட சேத்து சந்தோஷத்தையும் அணைச்சுடுச்சு, மன அழுத்தம், தற்கொலை எண்ணம்னு வந்து 2008ல நிறுத்துனாங்க. சிபுட்ரமின் நம்ம ஊர் கடையிலயும் இருந்த மாத்திரைதான், ஏற்கனவே இதய நோய் ஆபத்து உள்ள 10,000 பேருக்கு மேல வச்சு நடத்துன பெரிய ஆய்வுல மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதுன்னு தெரிஞ்சு 2010ல அமெரிக்காவுல போச்சு, 2011ல இந்தியாவுலயும் தடை.

பசிங்கிறது தனியா ஒரு ஸ்விட்சு இல்ல, மனசு, இதயம், ரத்த அழுத்தம் எல்லாம் அதே ஒயர்லதான் ஓடுது. அதனாலதான் இப்ப வந்திருக்குற ஊசிய பாக்கும்போது எனக்கு நம்பிக்கையும் இருக்கு, அந்தப் பழைய பட்டியலும் ஞாபகத்துல இருக்கு.

இந்த ஊசி வந்த வழி குடல் வழி. சாப்பிட்டதும் குடல் ஜிஎல்பி-1ன்னு ஒரு ஹார்மோன விடும், கணையத்துகிட்ட இன்சுலின் விடச் சொல்லும், வயித்துல இருந்து சாப்பாடு எறங்குறத மெதுவாக்கும், மூளைக்குப் போதும்னு சொல்லும். 1980கள்ல பாஸ்டன்ல ஜோயல் ஹேபனர், ஸ்வெட்லானா மோய்சோவ், கோபன்ஹேகன்ல யென்ஸ் ஹோல்ஸ்ட் இவங்கள்லாம் இதக் கண்டு வெளிய கொண்டு வந்தவங்க. சிக்கல் என்னன்னா உடம்புல இருக்குற ஒரு நொதி இத ஓரிரு நிமிஷத்துல வெட்டிப்போட்டுடும், மருந்தா குடுத்தா நிக்காது. அப்ப நியூயார்க் பிராங்ஸ்ல ஜான் எங்ங்கிற மருத்துவர் கிலா மான்ஸ்டர்னு பாலைவனத்துல வாழுற விஷப்பல்லியோட எச்சில ஆராஞ்சு 1992ல எக்சென்டின்-4னு ஒண்ண எடுத்தார். பாதிக்கு மேல நம்ம ஜிஎல்பி-1 மாதிரியே இருக்கு, ஆனா அந்த நொதியால வெட்ட முடியல. அதுலருந்து வந்த எக்செனடைட் 2005ல சர்க்கரைக்கு அனுமதி வாங்குச்சு, நாளைக்கு ரெண்டு ஊசி. டென்மார்க்ல நோவோ நோர்டிஸ்க் கம்பெனியில லோட்டே க்னுட்சனோட குழு வேற வழி புடிச்சாங்க, மனுஷ ஹார்மோன்ல ஒரு கொழுப்பு வால் ஒட்டிவிட்டாங்க, அந்த வால் ரத்தத்துல இருக்குற ஆல்புமின்ங்கிற புரதத்தப் புடிச்சுக்கிட்டு சவாரி பண்ணும், சீக்கிரம் வெளிய போகாது. லிராக்ளூட்டைட் அப்படி நாளைக்கு ஒண்ணு, செமாக்ளூட்டைட் வாரத்துக்கு ஒண்ணு.

பலன் எவ்வளவுன்னா, 2021ல வந்த ஆய்வுல 1,961 பேர், 68 வாரம், செமாக்ளூட்டைட் போட்டவங்களுக்கு சராசரியா 14.9 சதவீதம் எடை கொறஞ்சுது, மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவங்களுக்கு 2.4. டிர்செபடைட், அது ரெண்டு குடல் ஹார்மோன் வேலையையும் ஒண்ணா பாக்குற மருந்து, 72 வாரத்துல அதிக அளவுல 20.9 சதவீதம். 100 கிலோ உள்ளவருக்கு 20 கிலோன்னு வச்சுக்கோங்க. இதய நோய் உள்ள, சர்க்கரை இல்லாத 17,604 பேர்கிட்ட செஞ்ச ஆய்வு 2023ல வந்துச்சு, மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்ச் சாவு மூணும் சேந்து வெறும் ஊசிக்காரங்கள்ல 100க்கு 8, செமாக்ளூட்டைட் போட்டவங்கள்ல 6.5. சிபுட்ரமின் தோத்த எடத்துல இது ஜெயிச்சிருக்கு, அதனாலதான் எனக்கு இதுமேல மதிப்பு. எங்க கடைக்கு வர்ற ஒரு அக்கா சொன்னாங்க, "தம்பி, நாள் பூரா தலைக்குள்ள சாப்பாட்டப் பத்தி ஒரு ரேடியோ ஓடிக்கிட்டே இருக்கும், ஊசி போட்ட மூணாவது வாரம் அது நின்னுடுச்சு, மத்தவங்களுக்கெல்லாம் எப்பவும் இப்படித்தான் அமைதியா இருக்குமா"ன்னு. அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல.

ஆனா ஊசிய நிறுத்துனா? 68 வாரம் போட்டு நிறுத்துனவங்கள ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தப்ப கொறஞ்ச எடையில மூணுல ரெண்டு பங்கு திரும்பிடுச்சு. இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல, மருந்து மணிச் சத்தத்த அமுக்கி வச்சுது, கைய எடுத்ததும் மணி திரும்ப அடிக்குது. பிரஷர் மாத்திரைய நிறுத்துனா பிரஷர் ஏறுது, அதுக்கு யாரும் உனக்கு வைராக்கியம் இல்லன்னு திட்டுறது இல்ல. அதனால "கல்யாணத்துக்கு மூணு மாசம் இருக்கு, அதுக்குள்ள பத்து கிலோ"ன்னு கேட்டு வர்றவங்ககிட்ட நான் நேராவே சொல்லிடுறேன், இது அதுக்கான பொருள் இல்லன்னு. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பல பேருக்கு வரும், அதனாலதான் செமாக்ளூட்டைட்ல 0.25 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு நாலு நாலு வாரமா மெதுவா ஏத்துவாங்க. பித்தப்பைக் கல் வரலாம், அரிதா கணைய வீக்கம் வரலாம். எலியில தைராய்டுல ஒரு வகைக் கட்டி வந்ததால குடும்பத்துல மெடுல்லரி தைராய்டு புத்துநோய் இருந்தவங்க போடக்கூடாதுன்னு எச்சரிக்கை இருக்கு. மருத்துவர் சீட்டு இல்லாம ஒரு பேனா ஊசி கூட குடுக்கக்கூடாது, கேட்டு சண்டை போடுறவங்க இருக்காங்க, அப்பவும் குடுக்கக்கூடாது.

நம்ம ஊர்க்காரங்களுக்குன்னு தனியா ஒரு விஷயம் சொல்லணும், இதப் பத்தி யாரும் பெருசா பேசுறதில்ல. புனேல சித்தரஞ்சன் யாக்னிக்னு ஒரு மருத்துவர், அவரும் லண்டன்ல இருக்குற ஜான் யுட்கினும் 2004ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல ஒரு படம் போட்டாங்க. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கிறாங்க, ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது ஒசரத்துக்கு எடை எவ்வளவுங்கிற கணக்கு, சரியா 22.3. கொழுப்பு அளந்தா யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. ஒரே எடை எண்ணுக்குள்ள ரெண்டு வேற வேற உடம்பு. நமக்குப் பொதுவாவே தசை கம்மி, இருக்குற கொழுப்பும் வயித்துக்குள்ள, ஈரல சுத்தி. சென்னை ஆராய்ச்சியாளருங்க முன்னின்னு நடத்துன ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வு 2023ல வந்துச்சு, நாட்டுல 10.1 கோடி பேருக்கு சர்க்கரை, 39.5 சதவீதம் பேருக்குத் தொப்பை அளவுக்கு மேல. பாக்க ஒல்லியா இருந்து சர்க்கரை மாத்திரை வாங்க வர்றவங்கள நான் தினம் பாக்குறேன்.

இப்ப இதையும் ஊசியையும் சேத்துப் பாருங்க. செமாக்ளூட்டைட் ஆய்வுல கொஞ்சப் பேர ஸ்கேன் பண்ணிப் பாத்ததுல கொறஞ்ச எடையில 40 சதவீதம் போல கொழுப்பு இல்லாத பகுதி, அதுல தசையும் அடக்கம். வேகமா எடை எறங்குனா எந்த வழியில எறங்குனாலும் தசையும் கொஞ்சம் போகத்தான் செய்யும். ஆனா ஏற்கனவே தசை கம்மியா இருக்குற நம்ம ஊர் 55 வயசு அம்மாவுக்கு அது போச்சுன்னா, படி ஏற, தரையில உக்காந்து எந்திரிக்க, விழுந்தா சமாளிக்க எது இருக்கும்? அப்புறம் நிறுத்திட்டு எடை திரும்புனா வர்றது பெரும்பாலும் கொழுப்புதான், போன தசை அதே அளவு திரும்பும்னு நம்ப முடியாது. பசி செத்துப்போனதால காலையில ரெண்டு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டி ரசஞ்சாதம்னு நாள ஓட்டுறவங்களப் பாத்தா எனக்குக் கவலையா இருக்கு. எடை கொறையுதேன்னு சந்தோஷமா வேற இருக்காங்க. சாப்பிடுறது கொஞ்சம்னா அந்தக் கொஞ்சத்துல முதல்ல முட்டை, மீன், சுண்டல், பருப்பு, தயிர் போகணும், சோறு அப்புறம். நடை மட்டும் போதாது, கனம் தூக்குற பயிற்சி ஏதாவது வேணும், தண்ணி பாட்டில்ல ஆரம்பிச்சாலும் சரி. ஆஸ்பத்திரியில எடை மெஷின் மேல மட்டும் ஏத்தி அனுப்பாம இடுப்பு அளவையும் கைப்பிடி பலத்தையும் பாக்குற மருத்துவர் கெடச்சா விட்டுடாதீங்க.

இந்தியாவுல டிர்செபடைட் 2025 மார்ச்லயும், எடைக்கான செமாக்ளூட்டைட் 2025 ஜூன்லயும் வந்துச்சு. செமாக்ளூட்டைட் காப்புரிமை இங்க 2026 மார்ச் வரைக்கும்தான், அதுக்கப்புறம் நம்ம ஊர் கம்பெனிங்களும் தயாரிச்சு விக்கலாம். விலை எறங்குறது நல்லது, நெஜமா தேவைப்படுறவங்களுக்கு எட்டும். எறங்குன கையோட பியூட்டி பார்லர்லயும் ஜிம்லயும் இது கை மாறும்ங்கிற பயம்தான் எனக்கு.

சித்திக்கு இதையெல்லாம் போன ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து சொன்னேன், எலி தச்ச கதையில இருந்து ஆரம்பிச்சு. சர்க்கரை 160, மூட்டு வலி, தூங்கும்போது மூச்சுத் திணறல்னு இருக்குறதால அவங்களுக்கு இந்த ஊசி பொருந்தலாம், அத முடிவு பண்ண வேண்டியது மருத்துவர். வர்ற வியாழக்கிழமை போறாங்க. மளிகைக் கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்துல மூணு கேள்வி எழுதி வச்சிருக்காங்க, எத்தன வருஷம் போடணும், தசை போகாம இருக்க என்ன சாப்பிடணும், குடும்பத்துல யாருக்காவது தைராய்டு கட்டி இருந்தா பரவால்லையா. மூணாவதுக்காக நான் இருக்கும்போதே தேனிக்கு அவங்க அக்காவுக்கு போன் போட்டு, எங்க பாட்டிக்குக் கழுத்துல ஆபரேஷன் பண்ண பழைய பேப்பர் பீரோவுல இருக்கான்னு தேடச் சொன்னாங்க.